சொந்தப் பெயரில் ஏசி, ஹீட்டிங் ஒப்பந்த வேலை: உரிமம், விலை, ரீகால்

கேள்வி: குளிர்வலை

அனைவருக்கும் வணக்கம். ஸ்ப்ளிட், மல்டி ஸ்ப்ளிட், டக்டபிள் (காற்றுக்குழாய் வழியாகக் குளிர்விப்பது), ஹீட் பம்ப் (வெளியே உள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவருவது) எல்லாம் பொருத்துவதும் சர்வீஸ் பார்ப்பதும் பழகிய வேலைதான். இதுவரை பெரிய ஒப்பந்தக்காரர்களுக்கு சப்-கான்ட்ராக்டாகச் செய்கிறேன். இனி சொந்த நிறுவனப் பெயரில் கொட்டேஷன் கொடுத்து நேரடியாக வேலை எடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு டெக்னீஷியனும் ஒரு ஹெல்ப்பரும் கூட வருவார்கள்.

குளிரூட்டி வாயு கையாளும் சான்று என்னிடம் இருக்கிறது. அது போதுமா, நிறுவனத்துக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டுமா? விலையைப் பொருள், கூலி, அதன்மேல் 30% என்றுதான் போடத் தெரியும், அது சரியா? வேலை முடித்துக் கொடுத்த பிறகு "கூலிங் பத்தவில்லை", "தண்ணீர் சொட்டுகிறது" என்று திரும்பக் கூப்பிடுகிறார்களே, அதை எப்படிக் குறைப்பது? ரீகால் ஒன்றிரண்டு வந்தாலே அந்த வேலையின் லாபம் போய்விடுகிறது.

பதில்: செம்புக்குழாய்

நண்பரே, உங்களிடம் இருப்பது ஆளுக்கான சான்று. நிறுவனத்துக்கான உரிமம் வேறு. பெயரும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறினாலும் ஆள் வேறு, நிறுவனம் வேறு என்ற பிரிவு பெரும்பாலான இடங்களில் உண்டு. அமெரிக்காவில் 608 சான்று வாயுவைத் தொடும் ஆளுக்குரியது. சிறு சாதனம், உயர் அழுத்தம், தாழ் அழுத்தம், அனைத்துக்குமானது என நான்கு வகை. வாங்கினால் காலாவதி ஆகாது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாது, அதற்குப் பல மாநிலங்களில் தனி ஒப்பந்தக்காரர் உரிமம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆளுக்கு ஒரு சான்று, பொருத்தும் நிறுவனத்துக்கு ஒரு சான்று. பிரிட்டனில் எரிவாயு பாய்லரைத் தொட வேண்டுமானால் கேஸ் சேஃப் பதிவு தனியாக இருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் பகுதி அலுவலகத்தில் "ஏசி லைசென்ஸ்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பாதி பதில்தான் கிடைக்கும். குளிரூட்டி வாயு, ஒப்பந்தக்காரர் உரிமம், மின்வேலை, எரிவாயு, கட்டட அனுமதி என்று ஐந்தையும் பிரித்துக் கேளுங்கள். அவுட்டோர் யூனிட்டுக்கு ஐசொலேட்டர் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு கேபிள் இழுப்பது பல இடங்களில் மின் உரிமம் உள்ளவருக்கு மட்டுமே உரியது. இருக்கும் பாயிண்டில் இணைப்பதற்குச் சில இடங்களில் விலக்கு உண்டு. எந்த எல்லை வரை என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வைவிட அதிகம் பேரை நிறுத்துவது அனுபவச் சான்று. கலிஃபோர்னியாவின் சி-20 (ஏசி, ஹீட்டிங் ஒப்பந்தக்காரர்) வகை உரிமத்துக்கு முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளி நிலையில் நான்கு வருட அனுபவம் காட்ட வேண்டும். மற்ற இடங்களிலும் இதுபோல ஒன்று கேட்பார்கள். சப்-கான்ட்ராக்டாக வேலை செய்தவர்களிடம் சம்பளச் சீட்டு இருக்காது என்பதால் இங்கேதான் தடுக்கும். வேலை கொடுத்த ஒப்பந்தக்காரர்களிடம் தேதி, வேலையின் வகை, யூனிட் திறன் குறித்துக் கையெழுத்திட்ட கடிதம் இப்போதே வாங்குங்கள். அவர்களுக்குப் போட்டியாக வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

உரிமம் பெரும்பாலும் ஒரு "தகுதியாளர்" பெயரோடு கட்டப்பட்டிருக்கும். தேர்வு எழுதித் தேறிய அந்த ஆள் விலகினால், குறித்த நாட்களுக்குள் வேறொருவரைக் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் அது 90 நாள். தவறினால் உரிமம் முடங்கும். கூட வரும் டெக்னீஷியனின் தகுதியை வைத்து நிறுவனத்தைப் பதியலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவர் வேறு வேலைக்குப் போகும் நாளில் கையில் இருக்கும் ஒப்பந்தங்கள் நடுவில் நிற்கும். தேர்வை நீங்களே எழுதுங்கள்.

உரிமம் வரும் முன் "சின்ன வேலைதானே" என்று எடுப்பதும் ஆபத்து. பல சட்டங்களில் உரிமம் இல்லாதவர் பாக்கிப் பணத்துக்கு வழக்குப் போடவே முடியாது. வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டங்கள் இருக்கின்றன. முன்பணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

காப்பீட்டில் மூன்று இடங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒன்று, வேலை முடிந்து ஒப்படைத்த பிறகு நேரும் சேதம். ஃபால்ஸ் சீலிங் நனைந்து விழுவது ஆறு மாதம் கழித்துத்தான் நடக்கும், சாதாரண பாலிசி வேலை நடக்கும் காலத்தோடு முடிந்துவிடலாம். இரண்டு, பிரேசிங் (சுடர் வைத்துக் குழாயை இணைப்பது) செய்யும் இடத்துக்கான நிபந்தனை. தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும், சுடர் அணைத்த பிறகும் குறித்த நேரம் ஆள் நின்று கவனிக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். செய்ததற்குப் பதிவு இல்லாவிட்டால் இழப்பீட்டை மறுப்பார்கள். மூன்று, வடிவமைப்புப் பொறுப்பு. எத்தனை கிலோவாட் யூனிட் என்று நீங்கள் முடிவு செய்தாலே அது வடிவமைப்பு. அது தவறினால் வரும் கோரிக்கையைப் பொதுப் பொறுப்புக் காப்பீடு ஏற்காமல் போகலாம்.

பதில்: வரவுசெலவு

உரிமம் பற்றி மேலே சொன்னது முழுமை. நான் விலைக்கு மட்டும் வருகிறேன். ஏனென்றால் கைவேலை நன்றாகத் தெரிந்தவர்கள் கடையை மூடுவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

முதலில் அந்த 30%. 100 செலவுக்கு 30 சேர்த்து 130 வாங்கினால் உங்கள் கையில் நிற்பது விற்பனையில் 23% மட்டுமே. விற்பனையில் 30% நிற்க வேண்டுமென்றால் 100-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், விலை 142.86. இந்த வித்தியாசத்தை வருடம் முழுக்க எல்லா வேலைக்கும் போட்டுப் பாருங்கள். தள்ளுபடியும் அப்படித்தான் கடிக்கும். 142.86-இல் "ஒரு 10% குறைச்சுக்கோங்க" என்றால் 128.57. நின்றிருந்த 42.86 இப்போது 28.57, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வாடிக்கையாளர் கேட்டது விலையில் பத்தில் ஒன்று, நீங்கள் கொடுத்தது உங்கள் பங்கில் மூன்றில் ஒன்று. குறைக்க வேண்டுமானால் விலையைக் குறைக்காதீர்கள், வேலையின் அளவைக் குறையுங்கள்.

அடுத்தது கூலி. மணிக்கு 10 சம்பளம் என்று வைத்துக்கொள்வோம், நாணயம் எதுவானாலும் சரி. வாரம் 40 மணி, 52 வாரம், மொத்தம் 2,080 மணிக்குச் சம்பளம் 20,800. காப்பீடு, சட்டப்படியான பிடித்தங்களில் உங்கள் பங்கு என 20% சேர்த்தால் 24,960. ஆனால் பில் போட முடிந்த மணி 2,080 இல்லை. விடுமுறை, விடுப்பு, பயிற்சிக்கு 160 போனால் 1,920. அதில் பயணம், பொருள் வாங்கப் போவது, சைட் பார்ப்பது, ரீகால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கைத் தின்றால் மிச்சம் 1,280. 24,960-ஐ 1,280-ஆல் வகுத்தால் 19.50. அதாவது 10 சம்பளக்காரரின் ஒரு பில் மணி உங்களுக்கு 19.50 ஆகிறது.

அதன்மேல் நிர்வாகச் செலவு. வண்டி, எரிபொருள், கருவி, கிடங்கு, உரிமக் கட்டணம், காப்பீடு, போன், கணக்கர், இவற்றோடு உங்கள் சொந்தச் சம்பளம். இதை விட்டுவிடுபவர்கள் நிறைய, "மிச்சம்தான் என் சம்பளம்" என்பார்கள். வருடத்துக்கு 38,400 என்றால், இரண்டு பேரின் 2,560 பில் மணிக்குப் பகிர்ந்தால் ஒரு மணிக்கு 15. மொத்தம் 34.50. இதில் லாபமோ நஷ்டமோ இல்லை. விற்பனையில் 10% லாபம் வேண்டுமானால் 34.50-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும், 38.33. சம்பளம் 10, வாங்க வேண்டியது 38. கேட்க அதிகமாகத் தெரியும், கணக்கு அதுதான். உங்கள் எண்களைப் போட்டு இதை மறுபடி செய்யுங்கள், என் எண்கள் வெறும் உதாரணம்.

நிர்வாகச் செலவை மணியின்மேல் ஏற்றுங்கள், பொருளின்மேல் சதவீதமாக ஏற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் போட்டால், விலையுயர்ந்த யூனிட்டை அரை நாளில் மாற்றும் வேலை தேவையில்லாமல் விலை ஏறி கைநழுவும். நாள் முழுக்க லீக் தேடும் சர்வீஸ் வேலை நஷ்டத்தில் போகும். நஷ்ட வேலைகள் மட்டும் உங்களைத் தேடி வரும்.

கட்டுமான நிறுவனங்களின் புது வேலையை ஆரம்பத்தில் அதிகம் எடுக்காதீர்கள். யூனிட் சப்ளையர் 30 நாளில் பணம் கேட்பார், கட்டுமானக்காரர் 60, 90 நாள் கழித்துத் தருவார். இடையில் சம்பளம் உங்கள் கையிலிருந்து. மேலும் 5% பிடித்து வைத்து, குறைநிவர்த்திக் காலம் முடிந்த பிறகு கொடுப்பார்கள். உங்கள் நிகர லாபம் 8% என்றால் அதில் பாதிக்கு மேல் ஒரு வருடம் அவரிடமே கிடக்கும். வேலை கூடக் கூடக் கைப்பணம் வற்றும்.

பராமரிப்பு ஒப்பந்தம் நல்லது, வேலை இல்லாத மாதங்களை அது தாங்கும். ஆனால் வருடத்துக்கு முன்கூட்டி வாங்கும் பணம் இன்னும் உங்கள் வருமானம் இல்லை. தனிக் கணக்கில் போட்டு, சர்வீஸ் முடிய முடிய எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்வலை

நன்றி சார், மணிக் கணக்கை இப்படிப் பிரித்துப் பார்த்ததே இல்லை. கொட்டேஷன் தாளில் என்னென்ன எழுத வேண்டும் என்பதையும், மூன்றாவது கேள்வியையும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: அழுத்தமானி

கொட்டேஷனில் எது சேரும் என்பதைவிட எது சேராது என்பதை எழுதுங்கள். எத்தனை மீட்டர் பைப் வரை இந்த விலை, அதற்குமேல் மீட்டருக்கு எவ்வளவு. கான்கிரீட்டில் துளை போடுவது, சாரம், சீலிங்கைத் திருப்பிப் பூசுவது, மின் இணைப்பு, பழைய யூனிட்டின் வாயுவை மீட்பது, ஒவ்வொன்றும் யார் பொறுப்பு. எந்த வெளி வெப்பநிலையில் உள்ளே எத்தனை டிகிரி என்று கணக்கிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். "கூலிங் பத்தவில்லை" என்ற சண்டை வந்தால் அந்த ஒரு வரிதான் பேசும்.

ரீகால்களில் பெரும்பகுதி மூன்று இடத்தில் பிறக்கிறது: தவறான திறன், காற்றோட்டம், பைப் வேலை.

திறனை அறையின் பரப்பளவை மட்டும் பார்த்துப் போடாதீர்கள். கண்ணாடி எந்தத் திசை, மேலே வெயில் படும் தளமா, எத்தனை பேர், எவ்வளவு வெளிக்காற்று நுழைகிறது என்று ஹீட் லோடு போடுங்கள். பெரிதாகப் போட்டால் பாதுகாப்பு என்ற நினைப்பு தவறு. உச்சச் சுமை 3.5 கிலோவாட் உள்ள அறையில் 7 கிலோவாட் யூனிட் வைத்தால், அதன் இன்வெர்ட்டர் (கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி) 2 கிலோவாட்டுக்குக் கீழே இறங்காதென்றால், இரவில் சுமை 1 கிலோவாட்டாகும்போது நின்று நின்று ஓடும். காயில் (உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருள்) நனைந்து தண்ணீர் வடியத் தொடங்கும் முன்பே நின்றுவிடும், ஈரப்பதம் இறங்காது. வாடிக்கையாளர் "ஜில்லுனு இருக்கு, ஆனா பிசுபிசுங்குது" என்று கூப்பிடுவார். வாயு ஏற்றினாலும் இது தீராது.

டக்டபிளில் ஒரு டன்னுக்கு, அதாவது 3.517 கிலோவாட்டுக்கு, நிமிடத்துக்கு 400 கன அடி என்பது தொடக்கக் கணக்கு. பழைய டக்டில் புது யூனிட்டை மாட்டும்போது யூனிட்டுக்கு முன்னும் பின்னும் நிலை அழுத்தத்தை அளந்து, இரண்டின் வித்தியாசத்தைப் பெயர்ப்பலகையில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். பல வீட்டு யூனிட்களில் அது 125 பாஸ்கல். அளந்தது அதைத் தாண்டினால் ரிட்டர்ன் டக்ட் (அறைக் காற்று யூனிட்டுக்குத் திரும்பும் வழி) போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதைக் கவனிக்காமல் காயில் உறைந்ததும் வாயுக் குறைவு என்று நினைத்து மேலும் ஏற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இனி பைப். பிரேசிங் செய்யும்போது உள்ளே நைட்ரஜன் மெல்ல ஓட வேண்டும், 0.02 மெகாபாஸ்கல் போதும். ஓடாவிட்டால் உட்புறம் கருப்புச் செதில் படியும். அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்து எக்ஸ்பான்ஷன் வால்வின் சல்லடையில் போய் அடைக்கும். ஃபிளேர் (குழாய் வாயை விரித்து நட்டால் இணைப்பது) வேலையில் பர் (வெட்டிய விளிம்பின் பிசிறு) எடுக்கும்போது பைப் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், துகள் உள்ளே விழாது. ஃபிளேரின் வெளிவிட்டம் 1/4 அங்குலக் குழாய்க்கு 8.7 முதல் 9.1 மில்லிமீட்டர், 3/8-க்கு 12.8 முதல் 13.2. டார்க் ரென்ச் இல்லாமல் முறுக்காதீர்கள்: 1/4-க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 34 முதல் 42, 1/2-க்கு 49 முதல் 61. கைவாக்கில் இறுக்கினால் மெல்லிய ஃபிளேர் நசுங்கி, முதல் வெப்ப காலத்தில் கசியும்.

பிறகு அழுத்தச் சோதனை, எப்போதும் உலர் நைட்ரஜனில். ஆக்ஸிஜன் ஒருபோதும் கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். 0.5 மெகாபாஸ்கலில் ஐந்து நிமிடம், 1.5-இல் ஐந்து நிமிடம், பிறகு கையேட்டில் உள்ள முழு அழுத்தம். ஆர்-410ஏ, ஆர்-32 என்ற குளிரூட்டி வாயுக்கள் உள்ள யூனிட்களில் அது பெரும்பாலும் 4 மெகாபாஸ்கல் அளவு. அந்த அழுத்தத்தில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் அளவு ஏறக்குறைய 0.014 மெகாபாஸ்கல் மாறும். மாலையில் ஏற்றியதைக் காலையில் பார்த்து, 10 டிகிரி குளிர்ந்ததால் 0.14 இறங்கியிருந்தால் அது லீக் அல்ல. ஏற்றிய நேரத்து வெப்பநிலையைக் குறித்து வைக்காதவர் விடிய விடிய இல்லாத லீக்கைத் தேடுவார்.

வேக்கம் (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் இழுப்பது) எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள், எத்தனை மைக்ரான் (மிச்சமிருக்கும் அழுத்தத்தின் அளவு) என்று கேளுங்கள். மேனிஃபோல்டு கேஜ் அதைக் காட்டாது, தனி மைக்ரான் கேஜ் வேண்டும், அதையும் பம்ப் பக்கத்தில் வைக்காமல் சிஸ்டத்தின் பக்கம் மாட்ட வேண்டும். வால்வு கோர் கழற்றும் கருவியால் கோரை எடுத்துவிட்டு, அகலமான ஹோஸில் இழுத்தால் நேரம் வெகுவாகக் குறையும். 500 மைக்ரானுக்குக் கீழ் வந்ததும் பம்பைப் பிரித்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஓரளவு ஏறி 1,500 பக்கம் நின்றுவிட்டால் உள்ளே ஈரம், நைட்ரஜன் விட்டுத் திரும்ப இழுக்கலாம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக். கம்ப்ரஸரில் இருக்கும் பிஓஇ எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி கம்ப்ரஸர் சுருளை அரிக்கும்.

வாயு எடைபோட்டு மட்டும். ஆர்-410ஏ கலவை என்பதால் திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 ஒற்றைப் பொருள், ஆனால் மெல்ல எரியும் ஏ2எல் வகை. அதனால் சிறிய அறையில் எத்தனை கிலோ வரை வைக்கலாம் என்ற எல்லையைக் கையேட்டின் அட்டவணையில் பார்த்துவிட்டுத்தான் யூனிட்டைத் தேர்வு செய்ய வேண்டும். மீட்பு சிலிண்டரை 80%-க்கு மேல் நிரப்பாதீர்கள்.

தண்ணீர் சொட்டுவதற்கு: டிரெயின் பைப்புக்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது சரிவு, நடுவில் தொய்வு இல்லாமல் தாங்கி. காயிலுக்குப் பிறகு ஃபேன் இருக்கும் டக்டபிளில் டிரெயின் வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும், அங்கே டிராப் (தண்ணீர் நிற்கும் வளைவு) இல்லாவிட்டால் தண்ணீர் தட்டிலேயே நிற்கும். ஒப்படைக்கும் முன் தட்டில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி வெளியே வருவதை வாடிக்கையாளர் கண்முன் காட்டுங்கள்.

பதில்: கொதிகலன்

எல்லாரும் குளிர் பக்கமே பேசியிருக்கிறீர்கள், சூடாக்கும் பக்கத்துக்கு இரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஹீட் பம்பின் பெட்டியில் எழுதிய கிலோவாட் பொதுவாக வெளியே 7 டிகிரி இருக்கும்போதான அளவு. உறைநிலைக்குக் கீழே போனால் திறன் குறையும், வீட்டின் தேவையோ கூடும். தயாரிப்பாளரின் அட்டவணையில் உங்கள் பகுதியின் வடிவமைப்பு வெப்பநிலைக்கு என்ன திறன் என்று பார்த்துத் தேர்வு செய்யுங்கள், பனி உருக்கும் நேரத்தையும் கழித்துக்கொண்டு. பழைய பாய்லரை எடுத்துவிட்டு அதே ரேடியேட்டர்களில் ஹீட் பம்ப் இணைக்கும்போது இன்னொரு பொறி. ரேடியேட்டரின் அளவு, தண்ணீரின் சராசரிக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துச் சொல்லப்படுவது. 50 டிகிரித் தண்ணீரும் 20 டிகிரி அறையும் என்றால் வித்தியாசம் 30, கிடைப்பது ஏறக்குறைய பாதி வெப்பம். அறை அறையாகக் கணக்கிட்டு எந்த ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். பிறகு சொன்னால் ஏமாற்றியதாகத்தான் நினைப்பார்கள்.

எரிவாயு ஃபர்னஸ், பாய்லர் எடுப்பதாக இருந்தால் உரிமத்தோடு எரிப்பு வாயு பகுப்பாய்வுக் கருவியும் அதன் ஆண்டு அளவுத்திருத்தச் சான்றும் வேண்டும். சுடரின் நிறத்தைப் பார்த்துச் சரி என்று சொல்வது வேலைக்கு ஆகாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ மணமோ இல்லை, தவறினால் உயிர் போகும். இந்த ஒரு பகுதியை மட்டும் "கற்றுக்கொண்டே செய்யலாம்" என்று யாரும் எடுக்க வேண்டாம். உரிமம் வரும் வரை அந்த வேலையை உரிமம் உள்ள ஒருவருக்குத் தள்ளிவிடுங்கள்.

அழுத்தமானி சார் சொன்ன அளவுகளை ஒரு தாளில் பதிவது பற்றி ஒன்று. அழுத்தச் சோதனையின் தொடக்கமும் முடிவும் வெப்பநிலையோடு, வேக்கத்தின் கடைசி மைக்ரான், ஏற்றிய வாயு எத்தனை கிராம், நிலை அழுத்தம், உள்ளே போகும் வெளியே வரும் காற்றின் வெப்பநிலை, மின்னழுத்தம், ஆம்பியர். யூனிட்டின் வரிசை எண்ணோடு இவற்றைப் பதிந்து, ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு, ஒன்று உங்களுக்கு. பல தயாரிப்பாளர்கள் உதிரிபாகத்தைத் தருவார்கள், மாற்றும் கூலியைத் தரமாட்டார்கள். கம்ப்ரஸர் போனால் பொருத்திய விதம் சரியா என்றுதான் முதலில் கேட்பார்கள். உத்தரவாதப் பதிவை யூனிட் ஓடத் தொடங்கிய அன்றே செய்துவிடுங்கள், கெடு தாண்டினால் உத்தரவாதக் காலத்தைக் குறைக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. கடைசித் தவணைப் பணத்தை இந்தத் தாளில் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவதோடு சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 10% அளவில் வைத்தால் அவருக்கும் நம்பிக்கை, உங்களுக்கும் பெரிய தொகை மாட்டிக்கொள்ளாது.